அடகுக்குப் போன தங்கம்

அடகுக் கடைப் படியை ஒரு தடவையாவது ஏறி இறங்காத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, விதைப்புக் காலம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கழுத்தில் கிடந்தது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகும். உரைகல்லில் ஒரு தேய்ப்பு, தராசில் ஒரு நிறுவை, கையில் ஒரு சீட்டு. வீடு திரும்பும் வழியெல்லாம் கை தானாகக் கழுத்தைத் தடவிப் பார்க்கும். தவணைக்குள் மீட்காவிட்டால் நகை மூழ்கிப்போகும் என்று சொல்வோமே, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பெண்களின் தூக்கம் கெட்டிருக்கிறது!

அமெரிக்காவில் ஒரு பெண் இப்படித்தான் ஒரு கடைக்குப் போய் இரண்டு பொருள்களை வைத்து 18,000 டாலர் வாங்கினார். ஒன்று, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வாங்கிய தங்கப் பதக்கம். மற்றது, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வாங்கிய தங்கப் பதக்கம். அவர் பெயர் பிரையானா ஸ்கரி. அமெரிக்க மகளிர் கால்பந்து அணியின் கோல்கீப்பர். நாட்டுக்காக 173 சர்வதேச ஆட்டங்கள். அவற்றில் 71 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்காதவர்.

ஒலிம்பிக் தங்கத்தில் தங்கம் மிகக் குறைவு. உள்ளே இருப்பது வெள்ளி. மேலே பூசியிருப்பது ஆறு கிராம், அல்லது அதற்குச் சற்று மேல். நம்மூர்ப் பத்தர் உரசிப் பார்த்தால் உதட்டைப் பிதுக்கிவிடுவார். அப்படியானால் அந்தக் கடைக்காரர் எதை நம்பி அவ்வளவு பணம் கொடுத்தார்? அந்தப் பதக்கங்கள் யாருடைய கழுத்தில் கிடந்தவை என்பதற்குத்தான் கொடுத்தார். அவருடைய பெயருக்கு அன்று விலை வைத்த ஒரே இடம் அந்தக் கடை. அவர் ஆடிய கிளப் கைவிட்டிருந்தது. தலைவலி என்று அவர் சொன்னதைக் காப்பீட்டு நிறுவனம் முழுதாக ஏற்கவில்லை. உலகக் கோப்பையை வென்று தந்த ஒருவர் இந்த நிலைக்கு எப்படி வந்தார் என்று பார்த்தால், வேறு எந்தப் பெண்ணுக்கும் இது நேரக்கூடும் என்பது விளங்கும்.

ஸ்கரி 1971 செப்டம்பர் 7ஆம் தேதி மினசோட்டா மாநிலம் மினியாபொலிஸில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. வளர்ந்தது டேட்டன் என்ற சிற்றூரில். சுற்றிலும் வெள்ளையர்கள், நடுவே ஒரு கறுப்பினக் குடும்பம். அவருக்குப் பத்து மாதம் நிறைவதற்குள், 1972 ஜூனில், அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பெண் என்ற காரணத்துக்காக யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அது சொன்னது. விளையாட்டைப் பற்றித் தனியாகப் பேசாத சட்டம் அது. ஆனாலும் கல்லூரி மைதானங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது அதுதான். தவழும் வயதிலிருந்த குழந்தைக்கு வாஷிங்டனில் ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவு இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

1980 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி சோவியத் அணியை வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது ஸ்கரிக்கு எட்டு வயது. நானும் ஒலிம்பிக்குக்குப் போவேன் என்று பெற்றோரிடம் அப்போதே சொல்லிவிட்டார். பன்னிரண்டு வயதில் கால்பந்துக்கு வந்தார். பெண்களுக்குத் தனி அணி இல்லை, பையன்களோடுதான் ஆட வேண்டும். இருந்தது ஒரே ஒரு சிறுமி. அடிபட்டுவிடக் கூடாதே என்று பயிற்சியாளர் யோசித்தார். இருப்பதிலேயே பாதுகாப்பான இடம் இதுதான் என்று கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்.

அந்த நல்ல மனசை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மைதானத்தில் பந்தைக் கையால் பிடிக்கலாம் என்ற உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. அதே காரணத்தால், ஓடி வருகிறவர்களின் கால்களுக்கும் முழங்கால்களுக்கும் நடுவே தலையைக் கொடுத்துக் குனிய வேண்டியவரும் அவர் ஒருவர்தான்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். 1993இல் அந்த அணி தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதி வரை வந்தது. அடுத்த மார்ச்சில் நாட்டின் அணிக்காக முதல் ஆட்டம். 1995 உலகக் கோப்பையில் அவர்தான் முதன்மை கோல்கீப்பர்; அந்த முறை அமெரிக்காவுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. அந்த ஆண்டுக் கடைசியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் தங்கம் வென்றால் மட்டுமே ஊக்கத்தொகை என்று கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்பந்தம் நீட்டியது. ஒன்பது பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். மியா ஹாம், மிஷெல் ஏகர்ஸ் ஆகியோரோடு ஸ்கரியும் அதில் ஒருவர். பயிற்சி முகாமுக்குள் அவர்களை விடவில்லை. ஒலிம்பிக்குக்கு ஏழெட்டு மாதமே இருந்த நேரத்தில் வாசலில் நின்றார்கள். கடைசியில் கூட்டமைப்பு இறங்கி வந்தது. பிற்காலத்தில் சம ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தவர்கள் நடந்த பாதையின் முதல் கற்களைப் போட்டவர்கள் இந்த ஒன்பது பேர்தான்.

1996 ஆகஸ்ட் முதல் நாள், ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 76,000க்கும் மேற்பட்டோர் பார்க்க, சீனாவை 2-1 என்று வென்று முதல் தங்கம்.

இனி, 1999 ஜூலை 10. கலிபோர்னியா மாநிலம் பாசடீனாவின் ரோஸ் பௌல் அரங்கம். கூட்டம் 90,185 பேர். அதிகாரபூர்வ மகளிர் ஆட்டம் எதற்கும் அதுவரை அவ்வளவு கூட்டம் திரண்டதாகக் கணக்கில்லை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் சீனா. உச்சி வெயில். 90 நிமிடமும் கோல் இல்லை.

அந்த ஆட்டத்தின் படப்பதிவைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தாவிவிடுவார்கள். நான் நிறுத்திப் பார்ப்பது 90ஆவது நிமிடத்தை ஒட்டிய ஒரு காட்சியை. அமெரிக்க கோல் பகுதிக்குள் பந்து உயரமாக வருகிறது. ஏகர்ஸ் தலையால் முட்டித் தள்ள எழும்புகிறார். ஸ்கரி முஷ்டியால் குத்தி விரட்ட எழும்புகிறார். முஷ்டி ஏகர்ஸின் தலையிலும் விழுகிறது. அந்த அணியின் முதுகெலும்பு போன்றவர் ஏகர்ஸ். அவர் தரையில் கிடக்கிறார். வெயிலில் உடம்பிலிருந்த நீரெல்லாம் வற்றி, அடியும் பட்டு, நிலை தடுமாறியவரை வெளியே கொண்டுபோகிறார்கள். மீதி ஆட்டத்தில் அவர் இல்லை. மறுநாள் செய்திகளில் அது வீரம் என்று எழுதப்பட்டது. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தலையில் பட்ட காயமும்கூட. அதைக் காயமாகப் பேச அன்று யாருக்கும் தோன்றவில்லை. பதினோரு ஆண்டு கழித்து அதே மாதிரி ஓர் அடி அந்த முஷ்டிக்குச் சொந்தக்காரருக்கே விழப்போகிறது.

கூடுதல் நேரத்தில் சீனப் பெண் ஒருவர் தலையால் முட்டிய பந்து ஸ்கரியைத் தாண்டிப் போனது. கோல் கோட்டருகே நின்ற கிறிஸ்டின் லில்லி அதைத் தலையாலேயே வெளியேற்றினார். பிறகு பெனால்டி ஷூட் அவுட்.

ஸ்கரிக்கு ஒரு வழக்கம். தன் அணியினர் அடிப்பதைப் பார்க்க மாட்டார். எதிரணியினர் அடிக்க நடந்து வரும்போதும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அன்று முதல் இரண்டு சீன வீராங்கனைகளும் கோல் போட்டார்கள். மூன்றாவதாக லியு யிங் நடந்து வந்தார். அப்போது ஸ்கரிக்கு என்னவோ பார்க்கத் தோன்றியது. பார்த்தார். தோள்கள் சற்றுத் துவண்டிருந்தன. இதுதான் என்று உள்ளே ஏதோ சொன்னதாகப் பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார். லியு யிங் அடித்த பந்து ஸ்கரிக்கு இடப்பக்கம் வந்தது. அவர் கோட்டை விட்டு முன்னால் பாய்ந்து, இடப்பக்கம் விழுந்து, இரு கைகளாலும் தட்டிவிட்டார். விழுந்த வேகத்திலேயே எழுந்து முஷ்டியை ஆட்டிக் கத்தினார்.

அடிக்கும் முன்பே அவர் கோட்டைத் தாண்டி முன்னேறினார், விதிப்படி அது தவறு என்று அன்றிலிருந்து ஒரு பேச்சு உண்டு. படத்தில் பார்த்தால் முன்னேறியது தெரியத்தான் செய்கிறது. ஸ்கரியும் அதை மறைக்கவில்லை. எல்லா கோல்கீப்பரும் செய்வதுதான், நடுவர் ஊதவில்லை என்றார். சீனப் பெண்களுக்கு அது ஆறாத வருத்தமாக இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது; அருமையாக ஆடிய அணி அது. அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டுவிட்டுச் சொல்கிறேன்: அன்று இரண்டு தரப்பிலும் ஒன்பது பேர் கோல் போட்டார்கள். மீதி ஒரு பந்தைத் தடுத்தவர் ஒருவர்தான்.

ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது ஐந்தாவது பந்தை அடித்த பிராண்டி சாஸ்டெய்னை. சட்டையைக் கழற்றி, மண்டியிட்டு, இரு கைகளையும் மேலே எறிந்த அந்தப் படம் பத்திரிகை அட்டைகளில் வந்தது. சாஸ்டெய்ன் மீது குறையில்லை. வென்றது ஐந்து பேர் போட்ட கோலால் அல்ல, தடுத்த ஒரு பந்தால் என்பதை அட்டைப் படத்தில் காட்ட முடியாது, அவ்வளவுதான். இருந்தாலும் அன்று களமிறங்கிய பதினொரு பேரில் கறுப்பினத்தவர் ஸ்கரி ஒருவர்தான் என்பதையும், அமெரிக்க மகளிர் கால்பந்து என்றதும் நாடு வரைந்துகொண்ட முகம் குதிரைவால் கூந்தல் போட்ட வெள்ளைப் பெண்ணின் முகம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தாம் பெண்களை நேசிப்பவர் என்பதையும் ஸ்கரி ஒளித்ததில்லை. விளம்பரக்காரர்கள் தேடிய முகம் அவருடையதாக இல்லை.

வென்றவுடன் ஒரு சரிவு. உடம்பில் எடை கூடியது, காலில் காயம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அவர் இடத்தில் வேறொருவர் நின்றார். ஸ்கரி வெளியே உட்கார்ந்து வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 2001இல் அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியது. ஸ்கரி அட்லாண்டா பீட் அணிக்கு ஆடினார். சுமார் 10 கோடி டாலரைக் கரைத்துவிட்டு 2003 செப்டம்பரில், அந்த ஆண்டு உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்னால், அந்த லீக்கை இழுத்து மூடினார்கள். 2004 ஜூனில் அப்பா எர்னஸ்ட் இறந்தார். ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக். இறுதி ஆட்டத்தில் பிரேசில் பந்தை எடுத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தது. ஸ்கரி தடுத்துக்கொண்டே இருந்தார். கூடுதல் நேரத்தில் 2-1. இரண்டாவது தங்கம். அப்பாவை நினைத்துக்கொண்டே ஆடியதாகச் சொன்னார்.

2007 உலகக் கோப்பையில் நடந்தது அவருக்கும் பிடிக்காத கதையாகத்தான் இருக்கும். அப்போது முதன்மை கோல்கீப்பர் ஹோப் சோலோ, 26 வயது. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் அவர் கோல் விடவில்லை. அரையிறுதியில் எதிரே பிரேசில். பிரேசிலுக்கு எதிராக ஸ்கரி எப்போதும் நன்றாக ஆடியவர் என்று சொல்லி, பயிற்சியாளர் கிரெக் ரயான் சோலோவை உட்காரவைத்து 36 வயது ஸ்கரியை இறக்கினார். அமெரிக்கா 4-0 என்று தோற்றது; அதோடு 51 ஆட்டமாகத் தோல்வி காணாத ஓட்டமும் முடிந்தது. மார்த்தா போட்ட நான்காவது கோலை இன்றும் போட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் சோலோ கேமரா முன் வந்து, எடுத்த முடிவு தவறு, நானாக இருந்தால் தடுத்திருப்பேன் என்றார். அணி கொதித்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சோலோ ஆடக் கூடாது என்றார்கள்.

சோலோ சொன்னதில் பாதி சரி: நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரை அந்த நேரத்தில் மாற்றியிருக்கக் கூடாது. மீதிப் பாதி, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றவரின் மேல் விழுந்த அடி. சோலோவும் அந்த ஜூனில்தான் தந்தையை இழந்திருந்தார். அந்தத் துக்கத்தை அனுபவித்து அறிந்தவர் ஸ்கரி. அவர் பதிலுக்கு வசை பேசவில்லை; மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். அணி வென்றது. ஸ்கரியிடம் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது, 1999இல் தடுத்த பந்தைவிட இந்தப் பொறுமை.

2009இல் பெண்களுக்கு இன்னொரு தொழில்முறை லீக் வந்தது. ஸ்கரி வாஷிங்டன் ஃப்ரீடம் அணியில் சேர்ந்தார். 2010 ஏப்ரல் 25, பிலடெல்பியா அணியோடு ஆட்டம். இடப்பக்கத்திலிருந்து தாழ்வாக ஒரு பந்து வந்தது. அள்ளியெடுக்கக் குனிந்தார். வலப்பக்கமிருந்து எதிரணிப் பெண் பந்தைக் கால்விரலால் தொட்டுவிடப் பாய்ந்தார். வருவதை ஸ்கரி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உடம்பு இறுகித் தயாராகியிருக்கும். முழங்கால் நெற்றிப்பொட்டில் இடித்தது. தரையில் உருண்டார். பந்தைப் பிடித்தேனா என்பதுதான் அவருக்கு முதலில் வந்த நினைப்பு. பிடித்திருந்தார்.

எழுந்து தொடர்ந்து ஆடினார். சட்டைகளில் இருந்த பெயர்கள் மங்கலாகத் தெரிந்தன. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இடைவேளை ஊதும் வரை அப்படியே நின்றார். அந்த நேரத்தில் அவரை வெளியே அழைக்க யாருக்கும் கட்டாயம் இல்லை. இடைவேளையில் வெளியே தள்ளாடி நடந்து வந்தபோது, உடல்நலப் பயிற்றுநர் சரியாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார். அதுதான் அவர் ஆடிய கடைசி ஆட்டம். 38 வயது.

தலையில் அடிபட்டு மூளை உள்ளுக்குள் குலுங்குவதை டாக்டர்கள் கன்கஷன் என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் சரியாகிவிடும். ஸ்கரிக்குச் சரியாகவில்லை. காலையில் தொடங்கும் தலைவலி பொழுது ஏற ஏற ஏறும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. படித்தது மனத்தில் நிற்காது. 2011 உலகக் கோப்பையின்போது ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசும் வேலை கிடைத்தது. ஒளிவிளக்குகளுக்கு முன் உட்கார்ந்து சிரித்துப் பேச வேண்டிய வேலை, அந்தத் தலையோடு. அதன் பிறகு மெல்ல மெல்ல எல்லாம் ஒதுங்கியது. கூடவே மனச்சோர்வு வந்து உட்கார்ந்துகொண்டது.

கால் முறிந்தால் மாவுக்கட்டு இருக்கிறது. பார்க்கிறவர்கள் இடம் விட்டு ஒதுங்குவார்கள். தலைக்குள் பட்ட அடிக்குக் கட்டும் இல்லை, தழும்பும் இல்லை. ஸ்கேன் எடுத்தாலும் பல நேரம் எதுவும் தெரியாது. நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. வேலையில் காயம்பட்டவருக்கான காப்பீட்டில் பணம் தரும் நிறுவனத்துக்கு அந்தச் சாட்சி போதவில்லை. சிகிச்சைக்கு அனுமதி கேட்டால் இழுத்தடிப்பு. இன்னொரு டாக்டரிடம் போ, இன்னொரு அறிக்கை கொண்டு வா என்று அலைக்கழிப்பு. கிளப்பிடம் போய்க் கேட்கலாம் என்றால் அந்த கிளப்பே இல்லை. வாஷிங்டன் ஃப்ரீடம் கைமாறி, பெயர் மாறி, ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டது. 2012இல் அந்த லீக்கும் மூடப்பட்டது. பெண்கள் விளையாட்டு லாபம் தராது என்று சொல்லி லீக்குகளை மூடும்போது யாரும் கணக்கில் சேர்க்காத செலவு இது. கடை மூடிய பிறகு, அந்தக் கடையில் வேலை பார்த்து உடைந்த உடம்புக்கு யார் பொறுப்பு?

வாடகை கொடுக்க வேண்டும், வயிறு இருக்கிறது. நியூஜெர்சியில் லிட்டில் ஃபால்ஸ் என்ற ஊரில் இருந்தார். அப்போதுதான் அந்தப் பதக்கங்கள் கடைக்குப் போயின. அந்த ஊரில் ஓர் அருவி உண்டு. ஒருநாள் அதன் விளிம்பில் போய் நின்றதை ஸ்கரி பிறகு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் நினைப்பு வந்தது, திரும்பி நடந்தார். இதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. வலியோடு தனியாக இருக்கும் வேறொருவர் இதைக் கேட்டுத் திரும்பி நடக்கக்கூடும் என்பதால்தான் சொல்கிறார் என்று நம்புகிறேன்.

அவரை மீட்டது ஓர் அமைப்பு அல்ல, ஒரு மனுஷி. மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்திவந்த கிரிஸ்ஸா சைசோஸ் என்ற பெண்ணுக்கு அவர் நிலைமை தெரியவந்தது. காப்பீட்டு நிறுவனம் அசையாவிட்டால் இந்தக் கதை பத்திரிகைகளில் வரும் என்ற நெருக்கடியை அவர் உண்டாக்கினார். வழி திறந்தது. அடகில் இருந்த பதக்கங்களைப் பணம் கட்டி மீட்டவரும் அவர்தான். 2018இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

2013 அக்டோபரில் வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் டாக்டர் இவிகா டூசிக் அறுவை செய்தார். பிடரியிலிருந்து மண்டையின் பின்பக்கம் ஏறும் நரம்புகள் அந்த மோதலில் சேதப்பட்டு, சுற்றியிருந்த தசையில் சிக்கியிருந்தன. அவற்றை விடுவித்தார். மயக்கம் தெளிந்தபோது அந்தக் குறிப்பிட்ட வலி இல்லை. மூன்றரை ஆண்டாகக் கற்பனை என்பதுபோல் பார்க்கப்பட்ட வலிக்குப் பிடரியில் ஓர் இடம் இருந்தது; கத்தியால் தொடக்கூடிய இடம். ஸ்கரியின் வரலாற்றில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான். அவர் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியும், பத்திரிகை பலம் உள்ள ஒரு தோழியும் தேவைப்பட்டார்கள். உலகக் கோப்பை வென்றவருக்கே இது வேண்டியிருந்தது என்றால், பெயர் தெரியாத இரண்டாம் நிலை கோல்கீப்பருக்கு யார் இருக்கிறார்கள்?

2014 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். முழங்கால் இடித்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். காலம் கொஞ்சம் நகர்ந்தும் இருக்கிறது. பெற்றோர்களும் ஆட்டக்காரர்களும் வழக்குப் போட்ட பிறகு, 2015 நவம்பரில் அமெரிக்கக் கூட்டமைப்பு பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்றது. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகக் கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்ற ஏற்பாடு 2021இல் சோதனையாக வந்து, இப்போது விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. முன்பெல்லாம் அடிபட்டவரை வெளியேற்றினால் மாற்று வாய்ப்பு ஒன்று வீணாகுமே என்று பயிற்சியாளர் கணக்குப் பார்ப்பார். அந்தக் கணக்குக்கு இனி இடமில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டைப் போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. விதி மட்டும் போதாது; பக்கவாட்டில் யார் நிற்கிறார் என்பதுதான் முக்கியம். அடிபட்டவளிடம் ஆட முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வாள். பந்தைப் பிடித்தேனா என்று முதலில் நினைக்கும்படி பழக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த முடிவை அவளிடம் விடவே கூடாது, பயிற்சியாளரிடமும் விடக் கூடாது. வெற்றி தோல்வியில் பங்கில்லாத ஒரு டாக்டரிடம் இருக்க வேண்டும். இன்னொன்று: கால்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தத் தலைக்காயம் கூடுதல் விகிதத்தில் வருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியிருந்தும் இத்துறையில் பணமும் கவனமும் முதலில் போனது அமெரிக்கக் கால்பந்து, ஐஸ் ஹாக்கி, குத்துச்சண்டை என்று ஆண்களின் தலைகளுக்குத்தான்.

2022 பிப்ரவரியில் அமெரிக்க வீராங்கனைகளின் சம ஊதிய வழக்கில் 2.4 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. பெரிய வெற்றி, மனசார மகிழ்ந்தேன். அந்தப் பணம் போனது பின்னால் வந்த தலைமுறைக்கு. 1995இல் முகாம் வாசலில் நின்றவர்களுக்கு அதில் பங்கில்லை. ஆடும்போது தரும் சம்பளத்தைச் சமமாக்கியவர்கள், ஆடி முடித்த பிறகு உடம்புக்கு வரும் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் வாதம். லீக் மூடினாலும் மூடாத ஒரு நிதி வேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டிலும், ஒவ்வொரு ஒளிபரப்பு ஒப்பந்தத்திலும் ஒரு சிறு பங்கை அதற்கு ஒதுக்கினால் முடியாதா?

இது நமக்கு அயலூர் விஷயம் அல்ல. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது மதுரையின் சேது அணி. நம் பிள்ளைகளும் பந்துக்குத் தலையைக் கொடுக்கிறார்கள், கோல் கம்பத்தில் மோதி விழுகிறார்கள். முழங்கால் பட்டு விழுந்த பெண் எழுந்து நின்றால் கைதட்டுவது நம் மைதானங்களிலும் வழக்கம். அவள் கண்ணுக்கு எதிரே இருக்கும் பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று கேட்க ஒருவர் அங்கே இருக்கிறாரா?

2017இல் அமெரிக்காவின் தேசியக் கால்பந்துப் பெருமை மன்றத்துக்கு ஸ்கரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே இடம் பெற்ற முதல் பெண் கோல்கீப்பர், முதல் கறுப்பினப் பெண். வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், டைட்டில் நைன் சட்டத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், 1999இல் அவர் போட்டிருந்த சட்டை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதே ஊரில்தான் ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அந்தச் சட்டைக்கும், அவர் பிடரியில் கத்தி பட்ட அந்த அறைக்கும் நடுவே சில மைல் தூரம்தான்.